அதிபர்களும் அதிகாரமும் (12): பதினைந்து நாற்காலி கேட்ட ரூஸ்வெல்ட்

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் உச்ச நீதிமன்றம் ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. அதில் எத்தனை நீதிபதிகள் அமர வேண்டும் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடிவு செய்துகொள்ளலாம். 1789-இல் வந்த முதல் சட்டம் 6 பேர் என்றது. 1801-இல் தேர்தலில் தோற்று வெளியேறிக்கொண்டிருந்த ஃபெடரலிஸ்ட் கட்சியினர், அடுத்து வரும் தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு நியமனம் கைநழுவட்டும் என்று அதை 5 ஆகக் குறைத்தார்கள். மறு ஆண்டே அந்தச் சட்டம் ரத்தானது. நாடு மேற்கே விரிய விரிய எண்ணிக்கையும் கூடியது: 1807-இல் 7, 1837-இல் 9, உள்நாட்டுப் போரின் நடுவே 1863-இல் 10. லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் அதிபரான பிறகு, அவர் கையில் நியமனம் எதுவும் போய்ச் சேரக் கூடாது என்று நினைத்தவர்கள் நாடாளுமன்றத்தில் பலர். 1866-இல் வந்த சட்டம், காலியாகும் இடங்களை நிரப்பாமல் விட்டு 7-க்கு இறங்கச் சொன்னது. கிராண்ட் அதிபரான 1869-இல் மீண்டும் 9.

ஆக, நீதிபதிகளின் எண்ணிக்கையில் கை வைப்பது பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. அவருக்கு முன்பே பல முறை நடந்தது, சட்டத்துக்கு உட்பட்டது. 1937-இல் அவர் கேட்டபோது இரு அவைகளிலும் அவருடைய ஜனநாயகக் கட்சிக்கு முக்கால் பங்குக்கு மேல் இடங்கள் இருந்தன. இருந்தும் 168 நாட்களில் அந்தத் திட்டம் மண்ணைக் கவ்வியது. அமெரிக்க அதிபரின் அதிகாரம் எதில் இருக்கிறது, எங்கே தீர்ந்துபோகிறது என்பதை அளந்து பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு அந்த நாட்டு வரலாற்றில் குறைவு.

முதலில் மோதலின் காரணம். 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது வங்கிகள் மூடிக் கிடந்தன. உழைக்கக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. 'நியூ டீல்' என்ற பெயரில் அடுத்தடுத்து வந்த சட்டங்கள், விலை, கூலி, உற்பத்தி, பயிர்ப் பரப்பு என்று அதுவரை மத்திய அரசு தொடாத இடங்களையெல்லாம் தொட்டன. அவற்றைச் சீர்தூக்கிப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்கள் வேறொரு காலத்தில் சட்டம் படித்தவர்கள். வான் டெவான்டர், மெக்ரெனால்ட்ஸ், சதர்லாண்ட், பட்லர் ஆகிய நால்வரும் பழமைவாதிகள். வழக்குக்குப் போகும் முன் ஒரே காரில் ஒன்றாக வருவார்கள், ஒன்றாகவே வாக்களிப்பார்கள். பிராண்டைஸ், ஸ்டோன், கார்டோசோ மூவரும் அரசு தலையிடலாம் என்ற பக்கம். நடுவில் இருவர். தலைமை நீதிபதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் நியூயார்க் ஆளுநராக இருந்தவர். 1916-இல் நீதிபதி பதவியை விட்டுவிட்டு அதிபர் தேர்தலில் நின்று வில்சனிடம் மயிரிழையில் தோற்றவர். பிறகு வெளியுறவு அமைச்சர். 1930-இல் ஹூவர் அவரைத் தலைமை நீதிபதியாகக் கொண்டுவந்தார். இன்னொருவர் ஓவன் ராபர்ட்ஸ். அறுபது வயதை ஒட்டிய இவரே ஒன்பது பேரில் இளையவர். வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது பெரும்பாலும் ராபர்ட்ஸ் கையில்.

1935 மே 27, திங்கட்கிழமை. ஒரே நாளில் மூன்று தீர்ப்புகள், மூன்றும் ஒன்பது பேரும் ஒருமித்துச் சொன்னவை, மூன்றும் அரசுக்கு எதிரானவை. அவற்றில் பெரியது புரூக்ளினில் யூத முறைப்படி கோழி அறுத்து மொத்த வியாபாரம் செய்த ஷெக்டர் சகோதரர்களின் வழக்கு. தொழில்துறைக்கெல்லாம் விதிமுறை எழுதிக் கொடுத்த தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தை அந்தக் கோழி வழக்கு கவிழ்த்தது. உள்ளூரில் அறுத்து உள்ளூரில் விற்கும் வியாபாரம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, அதில் மத்திய அரசுக்கு வேலையில்லை என்றது நீதிமன்றம். சட்டம் இயற்றும் பொறுப்பை அளவில்லாமல் அதிபரிடம் தூக்கிக் கொடுத்ததும் செல்லாது என்றது. நான்கு நாள் கழித்துச் செய்தியாளர்களைச் சந்தித்த ரூஸ்வெல்ட், நாட்டின் வணிகத்தை நீதிபதிகள் குதிரை வண்டிக் காலத்துக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று பொரிந்தார். அந்தப் பேச்சு பத்திரிகைகளில் எடுபடவில்லை. அதன் பிறகு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நீதிமன்றத்தைப் பற்றி அவர் வெளிப்படையாக அதிகம் வாய் திறக்கவில்லை. பின்னால் வந்த தோல்விக்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

1936-இல் அடி மேல் அடி. ஜனவரியில் வேளாண்மைச் சட்டம் 6-3 என்ற கணக்கில் விழுந்தது. தீர்ப்பு எழுதியவர் ராபர்ட்ஸ். மே மாதம் நிலக்கரிச் சட்டம். ஜூன் 1-இல், பெண் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த நியூயார்க் மாநிலச் சட்டம் 5-4-இல் செல்லாமல் போனது. மத்திய அரசும் செய்யக் கூடாது, மாநில அரசும் செய்யக் கூடாது என்றால் யார்தான் செய்வது என்ற கேள்வி எழுந்தது. இதை எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியாலேயே ஜீரணிக்க முடியவில்லை. அந்த ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று எழுதிக்கொண்டது.

நீதிபதிகள் பிடித்துக்கொண்ட சட்ட இழை இன்றைய இந்திய வாசகருக்கும் தொலைவானது அல்ல. 'சட்டத்தின் உரிய நடைமுறை' இல்லாமல் ஒருவரின் உயிர், சுதந்திரம், சொத்து பறிக்கப்படக் கூடாது என்கிறது அமெரிக்க அரசமைப்பு. அந்தச் 'சுதந்திரம்' என்பதற்குள் முதலாளியும் தொழிலாளியும் தமக்குள் எந்தக் கூலிக்கும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரமும் அடக்கம் என்று நீதிமன்றம் பல பத்தாண்டுகளாகப் பொருள் கொண்டுவந்தது. 1947-இல் இந்திய அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா சென்றபோது, நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டர் அந்த வாசகத்தைச் சேர்க்க வேண்டாம் என்று எச்சரித்தார்; இந்திய அரசமைப்பின் 21-ஆம் பிரிவில் 'சட்டம் நிறுவிய நடைமுறை' என்று இடம்பெற்றதற்கு அந்தச் சந்திப்பும் காரணம். பிராங்பர்ட்டர் 1937-இல் ஹார்வர்டு பேராசிரியர். வெளியே மௌனம் காத்து, உள்ளே ரூஸ்வெல்ட்டுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர். பார்த்ததைத்தான் எச்சரித்தார்.

1936 நவம்பரில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். 531 தேர்வாளர் வாக்குகளில் 523 அவருக்கு. எதிர்த்து நின்ற லாண்டனுக்கு மெய்ன், வெர்மான்ட் இரண்டே மாநிலம். பதிவான வாக்குகளில் 60 சதவீதத்துக்கு மேல். ஆனால் நீதிமன்றம் எங்கும் போகவில்லை. முதல் நான்கு ஆண்டுகளில் ஒரு இடம்கூடக் காலியாகவில்லை. அடுத்து வரிசையில் இருந்தவை தொழிற்சங்க உரிமை தந்த வாக்னர் சட்டமும், முதியோர் ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும். இரண்டும் 1935-இல் வந்தவை. இரண்டும் விழும் என்று அரசின் வழக்கறிஞர்களே அஞ்சினார்கள்.

அரசமைப்பைத் திருத்தலாமே என்றார்கள் நண்பர்கள். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு 36 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். 13 மாநிலங்கள் சும்மா இருந்தாலே போதும், திருத்தம் செத்துவிடும். குழந்தைத் தொழிலாளர் பற்றிய திருத்தம் 1924-இல் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டு இன்னும் அங்கேயே கிடந்தது. பணம் படைத்தவர்கள் 13 சட்டமன்றங்களைக் கவனித்துக்கொள்வது கடினமில்லை என்று ரூஸ்வெல்ட் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் பிழை சொல்வது கடினம். பிழை அடுத்த படியில் வந்தது.

அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் பழைய கோப்புகளைக் கிளறியபோது ஒரு குறிப்பு கிடைத்தது. 1913-இல் எழுதப்பட்டது. எழுபது வயதாகியும் ஓய்வு பெறாத கீழமை நீதிபதி ஒவ்வொருவருக்கும் துணையாக இன்னொருவரை அதிபர் நியமிக்கலாம் என்ற யோசனை. எழுதியவர் அன்றைய அட்டர்னி ஜெனரல் மெக்ரெனால்ட்ஸ். இப்போது 75 வயதில் நியூ டீலை வெட்டி வீழ்த்தும் அதே நீதிபதி. ரூஸ்வெல்ட்டுக்கு இந்த முரண் கற்கண்டாக இனித்தது. அதை உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டினார்கள். எழுபது தாண்டி ஆறு மாதத்துக்குள் விலகாத நீதிபதி ஒருவருக்கு ஒரு புதிய நீதிபதி, அதிகபட்சம் 6. அப்போது ஒன்பது பேரில் எழுபதைத் தொட்டவர்கள் சரியாக 6 பேர். 9 நாற்காலி 15 ஆகும்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரி 2-இல் வெள்ளை மாளிகையில் நீதிபதிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் விருந்து. மசோதாவை எழுதி முடித்து வைத்துக்கொண்டு, ஹியூஸோடும் வான் டெவான்டரோடும் சிரித்துப் பேசினார். மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 5 வெள்ளி காலை, அமைச்சர்களையும் கட்சித் தலைவர்களையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். ஆலோசனை கேட்கவில்லை, அறிவித்தார். அன்று பகலே மசோதா அவைக்குப் போய்விட்டது. திரும்பும் காரில் பிரதிநிதிகள் சபை நீதித்துறைக் குழுவின் தலைவர் ஹாட்டன் சம்னர்ஸ், தன் ஆட்டம் இதோடு முடிந்தது, இனி இதில் கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். செனட் முகப்பறையில் துணை அதிபர் கார்னர் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டைவிரலைக் கீழே காட்டினார். அந்த ஒரு சைகையை அடுத்த ஐந்து மாத எதிர்ப்பின் கொடி என்றே சொல்லலாம். செனட் நீதித்துறைக் குழுவின் தலைவர் ஆஷர்ஸ்ட்டின் நிலை இன்னும் சங்கடம்: தேர்தல் நேரத்தில், ரூஸ்வெல்ட் நீதிமன்றத்தில் ஆள் நிரப்பப் போகிறார் என்பதெல்லாம் கட்டுக்கதை என்று மேடையில் மறுத்தவர் அவர். இப்போது ஆதரிக்க வேண்டியிருந்தது. ஆதரித்தார், விசாரணையை மட்டும் வாரக்கணக்கில் இழுத்தார்.

மறைத்ததைவிட மோசம், சொன்ன காரணம். நீதிமன்றம் நியூ டீலைக் கொல்கிறது என்று ரூஸ்வெல்ட் தன் செய்தியில் எழுதவில்லை. நீதிபதிகளுக்கு வயதாகிவிட்டது, வேலை தேங்குகிறது, மறுஆய்வு கேட்டு வரும் தனியார் மனுக்களில் 87 சதவீதத்தை எடுத்துக்கொள்ளாமலே தள்ளுகிறார்கள் என்று எழுதினார். நாடே சிரித்தது. வயதைப் பற்றிய வாதம் இன்னொரு இடத்தில் பட்டுத் தெறித்தது. ஒன்பது பேரில் மூத்தவர், 80 வயது பிராண்டைஸ், அரசின் பக்கம் நின்றவர். முற்போக்காளர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர். எதிரியை நோக்கி வீசிய கல் வீட்டுப் பெரியவர் நெற்றியில் பட்டது போலாயிற்று.

குடியரசுக் கட்சியின் 16, 17 செனட்டர்கள் இந்த நேரத்தில் செய்த புத்திசாலித்தனம், ஒன்றும் செய்யாமல் இருந்தது. மெக்னரி, போரா, வாண்டன்பர்க் ஆகியோர் கூடி, வாயை மூடிக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். முன்னாள் அதிபர் ஹூவர் முழங்க ஆயத்தமானபோது அவரையும் அடக்கினார்கள். சண்டை ஜனநாயகக் கட்சிக்குள் நடக்கட்டும் என்று விட்டார்கள். நடந்தது. தலைமை தாங்கியவர் மொன்டானாவின் பர்டன் வீலர். பழமைவாதி அல்லர், 1924-இல் முற்போக்குக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர், ரூஸ்வெல்ட் அதிபராக வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். அதிபர் ஹார்டிங் காலத்து அட்டர்னி ஜெனரலின் ஊழலை விசாரித்ததற்காக அவர் மேலேயே அரசு வழக்குப் போட்டது, நீதிமன்றம் விடுவித்தது. அரசு பகைத்தால் கடைசிப் புகலிடம் நீதிமன்றம் என்று அனுபவத்தில் அறிந்தவர். தெற்கு மாநில செனட்டர்களுக்கு வேறு கவலை இருந்தது. அதிபர் விரும்பியபடி நீதிமன்றம் வளையுமென்றால், நாளை நிறவெறிச் சட்டங்களின் மேலும் கை வைக்காதா? இதை அவர்கள் உரக்கச் சொல்லவில்லை. நீதித்துறையின் சுதந்திரம் என்று சொன்னார்கள். வெளியே காலமும் ஒத்துவரவில்லை. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஒரே மனிதர் எல்லாவற்றையும் விழுங்குவதை நாளிதழ் காட்டிக்கொண்டிருந்தது. மிச்சிகனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள் தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட்ட வேலைநிறுத்தம் நடுத்தர வர்க்கத்தை மிரள வைத்திருந்தது.

மார்ச் 9-இல் வானொலிப் பேச்சில் ரூஸ்வெல்ட் முகமூடியைக் கழற்றினார். அரசு என்பது மூன்று குதிரை பூட்டிய ஏர், அதில் ஒன்று மட்டும் வேறு பக்கம் இழுக்கிறது என்றார். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் கதை மாறியிருக்கலாம். இப்போது, ஒரு மாதம் கழித்துக் காரணத்தை மாற்றுகிறவர் என்ற பெயர்தான் வந்தது.

அடுத்து ஹியூஸின் முறை. மார்ச் 22-இல் வீலர் செனட் குழு முன் சாட்சி சொல்ல உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தலைமை நீதிபதி கையொப்பமிட்டது. வேலை எதுவும் தேங்கவில்லை. எல்லாம் அன்றன்றைக்கு முடிகின்றன. நீதிபதிகள் கூடினால் கேட்க, பேச, இணங்க வைக்க வேண்டியவர்கள்தான் கூடுவார்கள், வேகம் குறையும் என்று புள்ளிவிவரத்தோடு விளக்கியது. வான் டெவான்டரும் பிராண்டைஸும் ஒப்புக்கொண்ட கடிதம் என்றும் அதில் இருந்தது. ஒரு பழமைவாதி, ஒரு முற்போக்காளர். மற்றவர்களைக் கேட்க நேரமில்லை என்றார் ஹியூஸ். எல்லாரும் அதே ஊரில்தான் இருந்தார்கள். தன்னைக் கேட்கவில்லை என்ற மனத்தாங்கல் ஸ்டோனுக்குப் பின்னாளிலும் போகவில்லை. நீதிபதியின் அங்கிக்குள் பழைய தேர்தல் வேட்பாளர் இன்னும் உயிரோடு இருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அரசியலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்த அதிபரை அரசியலால் அடித்தவர் ஹியூஸ்.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 29-இல், எல்சி பாரிஷ் வழக்கில் தீர்ப்பு வந்தது. வாஷிங்டன் மாநிலம் வெனாச்சி ஊரில் கஸ்கேடியன் என்ற ஹோட்டலில் அறை துடைத்தவர் அந்தப் பெண். 48 மணி நேர வாரத்துக்கு 14 டாலர் 50 சென்ட் என்பது மாநிலம் நிர்ணயித்த கூலி; அதற்குக் குறைவாகக் கொடுத்ததால் பாக்கி 216 டாலர் 19 சென்ட் என்று வழக்குப் போட்டார். நியூயார்க் சட்டத்தைக் கவிழ்த்துப் பத்து மாதம்கூட ஆகவில்லை. அதே நீதிமன்றம், அதே ஒன்பது பேர், இந்தச் சட்டம் செல்லும் என்று 5-4-இல் சொன்னது. பக்கம் மாறியவர் ராபர்ட்ஸ். ஏப்ரல் 12-இல் பென்சில்வேனியாவின் ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் எஃகு நிறுவன வழக்கில் வாக்னர் சட்டம் தப்பியது, மீண்டும் 5-4. மே 24-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் தப்பியது.

ராபர்ட்ஸ் அதிபருக்குப் பயந்து மாறினாரா? அந்நாளில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். தேதிகள் வேறு சொல்கின்றன. பாரிஷ் வழக்கில் நீதிபதிகள் தமக்குள் வாக்களித்தது 1936 டிசம்பர் 19-இல். மசோதா வெளிவர இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஸ்டோன் நோயில் படுத்திருந்ததால் 4-4 என்று நின்றது. அவர் திரும்பி வந்து வாக்களித்ததும் முடிவானது. ராபர்ட்ஸின் வாக்கு டிசம்பரிலேயே விழுந்துவிட்டது. மசோதா அவரை மாற்றவில்லை என்பது உறுதி. நவம்பர் தேர்தல் மாற்றியதா என்பதுதான் மிஞ்சும் கேள்வி. வில்லியம் லூக்டன்பர்க் போன்ற வரலாற்றாசிரியர்கள் வெளியிலிருந்த அரசியல் அழுத்தத்துக்கு முதலிடம் தருகிறார்கள். பாரி குஷ்மன், மாற்றம் 1934-இலிருந்தே சட்டக் கோட்பாட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது என்கிறார். ராபர்ட்ஸ் ஓய்வு பெற்ற பின் தன் காகிதங்களை எரித்துவிட்டார். பிராங்பர்ட்டரிடம் அவர் 1945-இல் கொடுத்த ஒரு விளக்கக் குறிப்பு, அவர் இறந்த 1955-இல் அச்சேறியது. அதில் அவர் சொல்லும் காரணம் வழக்கு நடைமுறை சார்ந்தது: நியூயார்க் வழக்கில் பழைய முன்தீர்ப்பை மாற்றும்படி யாரும் கேட்கவில்லை, அதனால் மாற்றவில்லை. கூலிச் சட்டத்துக்கு இந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். வாக்னர் சட்டத்துக்கு, நிலக்கரி வழக்கில் ஒரு வருடம் முன்பு எடுத்த நிலையிலிருந்து அவர் எப்படி இறங்கி வந்தார் என்பதற்கு, பொருந்தாது. தேர்தலில் 46 மாநிலம் பேசியதை ஒரு நீதிபதி கேட்கவே இல்லை என்று நம்புவது கடினம்.

காரணம் எதுவானாலும் ரூஸ்வெல்ட் இப்போது விட்டிருக்கலாம். வேண்டியது கிடைத்துவிட்டது. இன்னொரு கதவும் திறந்தது. நீதிபதிகள் முழு ஊதியத்தோடு ஓய்வு பெறலாம் என்று மார்ச் 1-இல் தனியாக ஒரு சட்டம் வந்திருந்தது. அதற்கு முன் ஓய்வுக்குப் போன நீதிபதி ஹோம்ஸின் ஓய்வூதியத்தை நாடாளுமன்றம் சிக்கனத்தின் பேரில் வெட்டியிருந்ததால், முதியவர்கள் நாற்காலியை விடத் தயங்கினார்கள். இந்தச் சாதாரணச் சட்டத்தை மட்டும் 1933-லேயே கொண்டுவந்திருந்தால் பெரிய மசோதாவே தேவைப்பட்டிருக்காது என்று தோன்றுகிறது. மே 18 காலை வான் டெவான்டர் ஓய்வை அறிவித்தார். நாள் தற்செயலாக அமையவில்லை. போராவும் வீலரும் பின்னாலிருந்து தூண்டியது. அதே நாளில் செனட் நீதித்துறைக் குழு மசோதாவை 10-8-இல் நிராகரித்தது. எதிர்த்த பத்தில் ஏழு பேர் அதிபரின் சொந்தக் கட்சி.

ரூஸ்வெல்ட் விடவில்லை. இதில் அவருடைய பிடிவாதத்தோடு ஒரு கடனும் சேர்ந்திருந்தது. பெரும்பான்மைத் தலைவர் ஜோ ராபின்சன் அர்கான்சாஸ்காரர். மனசுக்குப் பிடிக்காத சட்டங்களையும் அதிபருக்காக நான்கு ஆண்டு தோளில் சுமந்தவர். உச்ச நீதிமன்றத்தில் முதல் காலியிடம் அவருக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த வாக்கு. ஆனால் 64 வயது பழமைவாதி ஒருவரை முதலில் அமர்த்தினால், இளரத்தம் வேண்டும் என்று போட்ட கூச்சல் என்னாவது? இன்னும் சில இடங்கள் கிடைத்தால் ராபின்சனை அவற்றின் நடுவே மறைக்கலாம். ஜூலையில் சமரச மசோதா வந்தது: வயது 75, ஆண்டுக்கு ஒருவர் மட்டும். ராபின்சன் தன் சொந்த நட்பை அடகு வைத்துத்தான் வாக்குகளைச் சேர்த்தார். வாஷிங்டன் கோடையில் செனட்டில் அனல் பறந்தது. ஜூலை 14 காலை, தன் அடுக்ககத்தில் அவர் இறந்து கிடந்தார். அருகே நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பேடு. அவருக்குக் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டிருந்த செனட்டர்கள் அதோடு விடுதலையானார்கள். லிட்டில் ராக்கில் நடந்த இறுதிச் சடங்குக்குப் போன ரயிலிலேயே கணக்கு எடுத்தார்கள். திரும்பி வந்த கார்னர், உங்களிடம் வாக்கு இல்லை என்று அதிபரிடம் நேரே சொன்னார். ஜூலை 22-இல் செனட் 70-20 என்ற கணக்கில் மசோதாவைக் குழுவுக்குத் திருப்பி அனுப்பியது. அடக்கம் செய்வதற்கு நாடாளுமன்றம் வைத்திருக்கும் நாகரிகமான வழி அது.

காலியான இடத்துக்கு ஆகஸ்டில் அலபாமா செனட்டர் ஹியூகோ பிளாக் நியமிக்கப்பட்டார். அவர் முன்பு கூ கிளக்ஸ் கிளான் உறுப்பினர் என்பது செப்டம்பரில் வெளியாகி அதிபருக்கு இன்னொரு தலைகுனிவு. 1954-இல் பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை ஒழித்த ஒருமித்த தீர்ப்பில் அதே பிளாக்கும் ஒருவர். அதன் பிறகு இயற்கை ரூஸ்வெல்ட்டுக்கு வேலை செய்தது. சதர்லாண்ட் ஓய்வு, கார்டோசோ மரணம், பிராண்டைஸ் ஓய்வு, பட்லர் மரணம், மெக்ரெனால்ட்ஸ் ஓய்வு. 1941 கோடைக்குள் ஒன்பதில் ஏழு பேர் அவர் நியமித்தவர்கள்; தலைமை நீதிபதியாக ஸ்டோனை உயர்த்தியதும் அவரே. போரில் தோற்றாலும் நாட்டைப் பிடித்துவிட்டதாக ரூஸ்வெல்ட் சொல்லிக்கொள்ள இடமிருந்தது.

நாடாளுமன்றக் கணக்கு வேறு. 1937 வரை அதிபரை எதிர்க்க முடியும் என்று ஜனநாயகக் கட்சியின் தெற்கத்தி உறுப்பினர்களுக்குத் தெரியாது. எதிர்த்தார்கள், வானம் இடிந்து விழவில்லை. அடுத்த ஆண்டு நிர்வாகச் சீரமைப்பு மசோதா பிரதிநிதிகள் சபையில் 204-196-இல் தோற்றது. 1938 கட்சி உள்தேர்தல்களில் ஜார்ஜியாவின் வால்டர் ஜார்ஜ், மேரிலாந்தின் டைடிங்ஸ், தென் கரோலினாவின் ஸ்மித் ஆகிய எதிர்ப்பாளர்களைத் தோற்கடிக்க ரூஸ்வெல்ட் தானே களமிறங்கினார்; மூவரும் வென்றார்கள். பொருளாதாரமும் மீண்டும் சரிந்திருந்தது. நவம்பரில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 81 இடம் கூடுதலாகப் பிடித்தது. தெற்கத்தி ஜனநாயகக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும் சேர்ந்த அந்த எழுதாத கூட்டணி, ட்ரூமனின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து கென்னடியின் திட்டங்கள் வரை கால் நூற்றாண்டுக்குக் குறுக்கே நின்றது. 1938 ஜூனில் கையெழுத்தான குறைந்தபட்சக் கூலிச் சட்டம்தான் நியூ டீலின் கடைசிப் பெரிய சட்டம்.

உள்நாட்டில் இப்படி வழி அடைபட்ட அதிபருக்கு வெளியுறவில் ஒரு பெரிய வாசல் திறந்தே இருந்தது. திறந்துவிட்டதும் அந்த நால்வரில் ஒருவர்தான். 1936 டிசம்பர் 21-இல், எல்சி பாரிஷ் வழக்கில் ரகசிய வாக்கெடுப்பு நடந்த இரண்டு நாள் கழித்து, கர்ட்டிஸ்-ரைட் நிறுவன வழக்கில் சதர்லாண்ட் தீர்ப்பு எழுதினார். பொலிவியாவுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்க அதிபருக்குத் தரப்பட்ட அதிகாரம் செல்லுமா என்பது கேள்வி. வெளிநாட்டு விவகாரத்தில் அதிபரின் அதிகாரம் உள்நாட்டைப் போல அளவுகட்டியது அல்ல என்று விரிந்த கையோடு எழுதிவிட்டார் அவர். 7-1. மறுத்தவர் மெக்ரெனால்ட்ஸ் மட்டும். 1940-இல் பிரிட்டனுக்கு 50 போர்க்கப்பல்களை நாடாளுமன்றத்தைக் கேட்காமலே கொடுக்க ரூஸ்வெல்ட் முடிவு செய்தபோது, அது சட்டப்படி சரி என்று கருத்துரை எழுதிய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஜாக்சன் துணைக்கு அழைத்தது சதர்லாண்டின் அந்தத் தீர்ப்பை. மூன்று ஆண்டு முன்பு, பதினைந்து நாற்காலி மசோதாவுக்கு ஆதரவாக செனட் குழு முன் சாட்சி சொன்னவர் ஜாக்சன். 1941-இல் அவரும் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார்.